பதினேழாம் எண்ணுக்கு உரியவர்

அரத்தின் அருமையும் அளவின் பெருமையும் அறிந்த ஆசிரியப் பெருந்தகையீர்! இரும்பை இணக்கிய கையும் இளைஞரை இருத்திய சொல்லும் ஒருங்கே வாய்த்த உத்தமரே! உசிலம்பட்டிச் சீமையில் உதித்து, ஆலையில் உழைத்து, வைகைக் கரையிலுள்ள நம் கைத்தொழிற் பாடசாலைக்குப் பதினெட்டு ஆண்டுகள் அச்சாணியாய் நின்ற ஃபிட்டர் போதகர் திரு. நல்லகாமன் அவர்களே! தாங்கள் ஓய்வு பெறும் இந்நாளில், உடனுழைத்தோர் அனைவரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் தாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள் என்பது இச்சபை அறிந்ததே. ஆகையால் தாங்கள் இங்கே இல்லாததுபோலப் பாவித்து, ‘அவர்’ என்றே சொல்லப் போகிறோம். நடுவில் எழுந்து வெளியே போய்விட வேண்டாம். கதவருகில் தச்சுப் போதகரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

அவர் வந்து சேர்ந்த 1926-ஆம் ஆண்டில் தொழிற்கல்வி என்றால் என்ன? மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் ஏழெட்டு வருஷம் நிற்பது. மேஸ்திரி கண்ணால் பார்த்து ‘சரி’ என்றால் சரி. அந்தச் சரியும் பெரும்பாலும் மச்சான் மகனுக்கும் மருமகனுக்குமே கிடைத்தது. தொழில் தெரியாத வீட்டுப் பிள்ளைக்குப் பட்டறை வாசலே கோட்டைச் சுவர். இதை மாற்ற வரைபடம், அளவுகோல், பரீட்சை, அத்தாட்சிப் பத்திரம் என்று புதிய பாடத்திட்டம் வந்தபோது, பழையவர்கள் பலர் சிரித்தார்கள். நல்லகாமனார் சிரிக்கவில்லை. இருபது ஆண்டு ஆலை வேலையில் எத்தனை கெட்டிக்காரர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர்.

1930-இல் முதல் பரீட்சை. ஆளுக்கோர் இரும்புக் கட்டை. வரைபடத்தில் கண்ட அளவுக்கு அராவ வேண்டும். சோதிப்பது கேஜ் என்னும் எஃகுத் தகடு. அதன் ஒரு துளையில் கட்டை நுழைய வேண்டும், மறு துளையில் நுழையக் கூடாது. அவ்வளவே தீர்ப்பு. கட்டைகளில் பெயர் வேண்டாம், எண் போதும் என்று ஏற்பாடு செய்தவர் அவரே. பெயரில் ஊர் இருக்கும், குலம் இருக்கும், மாமன் மச்சான் இருப்பான். எண்ணில் இவர்கள் யாரும் இல்லை என்பார்.

மாணவர் இருபத்து நால்வர். மேசைமேல் கட்டைகளோ இருபத்தைந்து. கூடுதலாய் ஒன்று எப்படி வந்தது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் ஒவ்வொன்றாய்ச் சோதித்து, எட்டு எண்களைக் கழித்தார். ஒன்பதும் போயிற்று, பதினேழும் போயிற்று.

ஒன்பதாம் எண் மருது. மகன் தேறுவதைக் காணத் திருமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து காத்திருந்த அவன் தகப்பனார் சிவனாண்டி, முற்றத்திலிருந்தே நல்லகாமனாரைப் பார்த்து முழங்கினார்.

“எங்க புள்ளைகளக் கழிச்சு விடத்தானண்ணே இந்தத் தகட்டக் கொண்டாந்தீக? மேஸ்திரி மூஞ்சியப் பாத்துத் தள்ளுனாரு, இது நம்பரப் பாத்துத் தள்ளுதாக்கும்! எந்திரிடா மருது, ஊருக்குப் போவோம்.”

தேறாத மற்ற அறுவரும் துண்டை உதறித் தோளில் போட்டார்கள். அவர்கள் படியிறங்கினால், கேஜ் என்பது ஏழைப் பிள்ளைகளை விரட்டும் பொறி என்ற பேச்சு மறுநாளே மேற்குச் சீமை முழுக்கப் பரவியிருக்கும். அதற்குப் பின் எவர் வருவார் இந்தப் பாடசாலைக்கு?

அப்போது நல்லகாமனார் நெஞ்சில் என்ன நடந்தது என்பதை அவரே பிற்பாடு எங்களிடம் சொல்லியிருக்கிறார். பதினேழாம் கட்டை அவருடையது. முதலில் தேறப் போவது தன் கட்டைதான், அதைத் தூக்கிக் காட்டி நாலு வார்த்தை பேசலாம் என்ற பெருமிதத்தில் ரகசியமாக வைத்தது. ஆலையிலோ, பஞ்சு அடைத்து இறுகாமலிருக்க எதையும் ஒரு மயிரிழை தளர்த்தியே அராவுவார்கள். இருபது ஆண்டுப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. நுழையக் கூடாத துளையிலும் கட்டை நுழைந்துவிட்டது. பதினேழு யாருடையது என்று அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைக்கும். தம் ஊரிலிருந்து முதன்முதலாகப் போதகர் நாற்காலியில் அமர்ந்தவர். எப்போது வழுக்குவார் என்று காத்திருந்தவர்களும் உண்டு.

“செத்தப் பொறுங்கண்ணே,” என்றார். “அந்தப் பதினேழாம் நம்பரு என்னோடது.”

சிவனாண்டிக்கு நம்பிக்கை வரவில்லை.

“வெளையாடாதீக. வாத்தியாரு கட்டையே போச்சுங்கிறீகளா?”

“போயிருச்சு. மில்லுல தளத்தித் தளத்தியே பழகுன கை. இந்தத் தகட்டுக்கு நானும் ஒண்ணுதேன், ஒங்க மகனும் ஒண்ணுதேன்.”

“அப்ப நீங்களும் திரும்பச் செய்யணுமா?”

“மொத ஆளா செய்யணும்.”

சிவனாண்டி படியேறி வந்து அந்தக் கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். “ஒக்காருடா. வாத்தியாரே ஒக்காருறாரு, ஒனக்கென்ன வந்துச்சு?”

ஏழு பேரும் உட்கார்ந்தார்கள்.

தம் கேஜில் தாமே தேறாதவர் போதகராயிருக்கத் தகுமா என்று பரீட்சகர் எழுதிவிட்டுப் போனார். தலைமையாசிரியர் வெங்கடரமணன் அவர்கள் எவ்வளவோ வாதாடி, மறு பரீட்சை வரை ஆறு மாதத் தவணை வாங்கினார். அந்த ஆறு மாதமும் நல்லகாமனார் காலையில் பாடம் சொன்னார். மாலையில் மருதுவுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே நின்று, பழகிய கையைப் பழக்கம் மறக்கச் செய்தார். மறு பரீட்சையில் எட்டுக் கட்டைகளும் தேறின. அன்று முதல் ஆண்டுதோறும் போதகர்கள் கட்டையும் பெயரின்றி அந்த மேசைக்கு வருகிறது. எங்களில் தேறாதவர்கள் உண்டு. கதவருகில் நிற்பவர் இருமுறை. நாற்காலி பறிபோகவில்லை, நாக்குத்தான் அடங்கியது. இன்று யுத்தகாலப் பயிற்சிக்கென்று எங்கெங்கிருந்தோ வரும் இளைஞர் இருநூறு பேரும் பெயரைச் சொல்லிக்கொண்டு வரவில்லை. எண்ணை வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஐயா! இனித் தங்களை நேரே விளித்தே பேசுகிறோம், முகத்தைத் திருப்பாதீர்கள். இந்த மடலை வாசித்துக்கொண்டிருப்பவர், நாளை தங்கள் இடத்தில் நிற்கப் போகும் அந்த மருதுவேதான். பொன்னாடை தந்தால் பெட்டியில் வைத்துவிடுவீர்கள் என்று, தலைமையாசிரியர் பதினான்கு ஆண்டுகள் பீரோவில் காத்த அந்தத் தேறாத பதினேழாம் கட்டையை இம்மடலின் சட்டத்தில் பதித்துத் தருகிறோம். தாங்களும் தங்கள் இல்லத்தரசியார் பாண்டியம்மாள் அவர்களும் நோயற்ற வாழ்வும் குறைவற்ற நிறைவும் எய்தி, பேரப்பிள்ளைகள் சூழ நூறாண்டு வாழ அழகர்மலையான் அருள்வானாக!

கீழே எங்கள் பெயர்கள் இல்லை. சோதிக்கப்படாத வேலையில் பெயர் எழுதக் கூடாதென்பது தாங்கள் வகுத்த விதி. வீட்டுக்குப் போய் நிதானமாய் அளந்து பாருங்கள். தேறாவிட்டால் சொல்லி அனுப்புங்கள். உட்கார்ந்து திரும்ப எழுதுகிறோம்.

இங்ஙனம்,
கைத்தொழிற் பாடசாலை ஊழியர்கள்
எண் 1 முதல் 16 வரை, எண் 18

மதுரை, 1944