சுருளி வண்டியின் ஆக்ஸிலை வெட்டிய விபரம்

என் பெயர் ரேணுகா. வயது 16. தகப்பனார் பெயர் லிங்கேஸ்வரன், தாயார் பெயர் ஈஸ்வரி. போடிநாயக்கனூர் முந்தல் சாலையில் 14ஏ எண் வீட்டில் குடியிருந்து வருகிறேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். இதை யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு நானே எழுதுகிறேன். இரண்டு நாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இது மூன்றாவது தடவை.

என் அப்பா வீட்டின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். மலைக்கு லோடு ஏற்றிப் போகும் வண்டிகள்தான் அதிகம் வரும். அவற்றின் சக்கரத்தைத் தாங்கும் ஆக்ஸில் கெட்டிப்படுத்திய இரும்பு என்பதால் ரம்பம் வழுக்கும், கிரைண்டரில் வட்டத் தகடு மாட்டித்தான் வெட்ட வேண்டும். அப்பா வெட்டும்போது நான் பக்கத்தில் நின்று சொம்பிலிருந்து விடாமல் தண்ணீர் ஊற்றுவேன். இரும்பு சூடேறவே கூடாது. தவறிச் சிவந்துவிட்டால் அதன் பிறகு தண்ணீர் படக்கூடாது, பட்டால் அந்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், பாரம் ஏறினால் ஒடியும். சிவந்ததை அப்பா தூக்கிப் போட்டுவிடுவார். இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

கடந்த 16.11.2024 சனிக்கிழமை காலை சுமார் பதினோரு மணிக்குக் குரங்கணியைச் சேர்ந்த சுருளி என்பவர் பட்டறைக்கு வந்தார். எனக்கு மாமா முறை. தோட்டங்களிலிருந்து ஏலக்காய் மூட்டைகளை வண்டியில் இறக்குபவர். பின்சக்கரத்து ஆக்ஸில் தேய்ந்துவிட்டதால் வேறொரு வண்டியின் ஆக்ஸிலைக் கொண்டுவந்திருந்தார். அது இரண்டு விரற்கடை நீளமாக இருந்தது. அப்பா அதை வைஸ் இடுக்கியில் பூட்டி, வெட்ட வேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். அதன் பிறகு பேரிங்கும் போய்விட்டது தெரிந்து, அதை வாங்கக் கடைக்குக் கிளம்பினார். மாமா, “வெரசா வாங்க மச்சான், மூணு மணிக்கு மேல ஏறுனா மஞ்சு எறங்கிரும்” என்றார். அப்பா, “ஒனக்கு எப்பப் பாத்தாலும் அவசரந்தேன் மாப்ளே. போன பெறவியில குதுரையாப் பொறந்திருப்ப” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு மாமா வெளியே நிழலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அப்பா வருவதற்குள் முடித்து வைத்தால் மெச்சுவார் என்று நினைத்து நான் கிரைண்டரை எடுத்தேன். இரண்டு கையும் கிரைண்டரில் இருந்ததால் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. மாமாவைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. பாதி வெட்டும்போதே நட்டு மாட்டும் மரைப் பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்தது, முடிக்கும்போது முனை முழுக்கச் சிவந்துவிட்டது. அப்பா பார்த்தால் ஏசுவார் என்ற பயத்தில் குறடால் எடுத்து வாளித் தண்ணீரில் விட்டேன். சத்தம் கேட்டு மாமா எட்டிப் பார்த்து, “என்னாத்தா, தோசையா சுடுற? எனக்கும் ரெண்டு கொண்டா” என்றார். நான் சிரிக்கவில்லை. உப்புத்தாளால் தேய்த்து நீலத்தை எடுத்துவிட்டேன். வெள்ளி மாதிரி பளபளப்பாக இருந்தது.

அப்பா வந்து பார்த்து, “யாரு வெட்டுனது?” என்று கேட்டார். நான் என்றேன். “தனியாவா? தண்ணி யாரு விட்டா?” என்றார். உடனே மாமா, “நாந்தேன் ஊத்துனேன் மச்சான். என் சட்டையெல்லாம் நனைச்சுப்புட்டா ஒம்மக” என்றார். அவர் சட்டை நனைந்திருக்கவில்லை. அப்பா அதைப் பார்க்கவில்லை. நான் ஏச்சு வாங்கக் கூடாது என்பதற்காகத்தான் மாமா அப்படிச் சொன்னார். சிவந்ததைத் தண்ணீரில் விட்டால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அப்பா அந்த ஆக்ஸிலைப் பூட்டிக் கொடுத்தார். போகும்போது மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார்.

18.11.2024 திங்கட்கிழமை மாலை மாமா தன் மனைவி அன்னக்கொடி அத்தையையும் இரண்டு மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது, குரங்கணிக்குக் கீழே வளைவில் வண்டி சரிந்து இருவரும் பள்ளத்தில் விழுந்தார்கள். மாமாவுக்குக் கையில் சிராய்ப்பு. அத்தைக்கு வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், இன்னும் முழு நினைவு வரவில்லை. அவர் மலைத் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிறவர். அந்தச் சரிவில் இரண்டு காலிருந்தாலே வழுக்கும்.

அதன் பிறகு அத்தையின் அண்ணன் பெரியகருப்பன், முதல் நாள் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை நடந்ததாகவும், மாமா வேண்டுமென்றே தள்ளிவிட்டதாகவும் புகார் கொடுத்தார். அதன் பேரில் மாமாவை ரிமாண்ட் செய்திருக்கிறார்கள். ஆக்ஸில் ஒடிந்தது விழுந்த வேகத்தில் என்று வழக்கில் எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். அது அப்படி ஒடியவில்லை. வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது, பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தேன். ஒடிந்த இடம் மரைக்குப் பக்கத்தில் கற்கண்டு உடைத்த மாதிரி இருக்கிறது. வளையவே இல்லை. இரும்பு தெரிந்த யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டுக் காட்டிக் கேட்கலாம்.

தண்ணீர் ஊற்றியதாகத் தான் சொன்னது பொய் என்று மாமா இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. என் பெயரையே எடுக்கவில்லை. அப்பா எங்கள் வீட்டில் சோற்றுக்கு முன் உட்கார்ந்து, “மூட்டைக்கு மேல பொஞ்சாதியையும் ஏத்துனா வண்டி என்ன செய்யும்? கிறுக்குப் பய” என்று சொல்கிறார். சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போகிறார்.

அம்மாவிடம் மட்டும் 24ஆம் தேதி நடந்ததைச் சொன்னேன். அம்மா துணி துவைப்பதை நிறுத்தவில்லை. “நீ வாயத் தொறந்தா ஒங்கப்பன உள்ள வெச்சுருவாக. பட்டறைய மூடிட்டு நாம மலைக்குத்தேன் காய் எடுக்கப் போகணும். படிக்கிற சோலியப் பாரு” என்றார். அதன் பிறகு அம்மா என்னுடன் பேசவில்லை. எனக்கும் அதன் பிறகு சரியாகத் தூக்கம் இல்லை.

வெட்டியது நான். சிவக்க விட்டது நான். தண்ணீரில் விட்டது நான். மறைத்ததும் நான். சுருளி மாமா அத்தையைத் தள்ளவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

இதை ஸ்டேஷனில் படித்துவிட்டு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். அப்பாவிடம் கேட்டால், தான்தான் வெட்டியதாகச் சொல்வார். தண்ணீரில் விட்டதும் தான்தான் என்பார். உறுதியாகச் சொல்வார், சத்தியம்கூடச் செய்வார். தயவுசெய்து அதை எழுதிக்கொள்ள வேண்டாம்.

இதை எனக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை, நானே இரண்டு முறை வாசித்தேன். இதில் உள்ளது அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்)
லி. ரேணுகா
27.11.2024