தங்கக் கோட்டுக்கு மாட்டின ஃபேன்

— "மூக்குல துண்டைக் கட்டிக்கோடா, போதும்"னார் மேஸ்திரி. "சரிங்கய்யா"ன்னீங்க நீங்க. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி, இது ஃபேக்டரியா இருந்தப்போ, பீங்கானுக்குக் கல்லு அரைச்ச இதே ரூம்ல. தலையிலேருந்து கால் வரைக்கும் வெள்ளையா நின்னீங்க. இல்லைன்னு சொல்லுங்க பார்ப்போம்!

— மெதுவாப் பேசும்மா. மியூசியம் பார்க்க வந்தவங்க நாலு பேர் நிக்கிறாங்க.

— நானும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கேன். கைடு பொண்டாட்டின்னு ஓசியில நுழையலை. இந்தப் பலகையைப் படிங்க.

— தினம் படிக்கறதுதானே.

— சத்தமாப் படிங்க. கேக்கறேன்ல?

— "அரவை அறைத் தொழிலாளர்களின் நலனுக்காகப் பொருத்தப்பட்ட தூசி உறிஞ்சும் விசிறி." போதுமா?

— பத்திக்கிட்டு வருது எனக்கு. இந்த ஃபேன் எங்க ரூம்ல இருந்தது! கப்பு விளிம்புல தங்கக் கோடு போடுவோமே, அது காயறதுக்குள்ள தூசி ஒட்டிரக் கூடாதுன்னு எங்க தலைக்கு மேல மாட்டினது. பதினோரு வருஷம் இதுக்குக் கீழ உக்காந்தவ, எனக்குத் தெரியாதா? கப்புக்கு ஃபேன், உங்களுக்குத் துண்டு!

— பலகையை நான் எழுதலை. ஆபீஸ்ல எழுதினாங்க.

— அதை வாயால சொல்றது யாரு? பக்கத்து வீட்டுக்காரரா?

— கைடு அண்ணே, அந்த ஃபேனை ஒரு தடவை ஓட விடுங்களேன். வீடியோ எடுத்துக்கறேன்.

— இதோ சார், ஒரு நிமிஷம்...

— ஸ்விட்ச்ல கை வச்சீங்க, தெரியும் சேதி! தம்பி, நீங்க அடுத்த ரூமுக்குப் போங்க. அங்க டீ செட்டு அழகழகா இருக்கு.

— ஏம்மா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடறே?

— மண்ணு எப்பவோ உள்ள போயாச்சு. இந்தாங்க, துவைக்கறப்போ உங்க சட்டைப் பையில கிடைச்சுது. நெஞ்சை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி டாக்டர் கொடுத்த சீட்டு. மூணு மாசமா மடிச்சு வச்சிருக்கீங்க. "தூசியில் வேலை பார்த்தது உண்டா?"ன்னு போட்டிருக்கு. எதிர்ல "இல்லை"ன்னு உங்க கையெழுத்து!

— ஃபேன் இருந்துதுன்னு நாள் முழுக்க இங்க சொல்றவன், அங்க போய் வேற எப்படி எழுதுவேன்?

— மாடி ஏறறதுக்குள்ள மூணு இடத்துல நிக்கிறீங்க. கேட்டா, செருப்பு வார் லூசுங்கறீங்க. புதுச் செருப்பு வாங்கி ஒரு வாரம்கூட ஆகலை!

— விடும்மா.

— விட மாட்டேன். மத்தியான மணி அடிச்சதும் ஓடி வந்து, இந்த ஃபேனுக்குக் கீழ, என் பெஞ்சை ஒட்டி நிப்பீங்களே, அந்த மனுஷன் எங்க போனார்? "உன்னைப் பார்க்காம அவருக்குச் சோறு இறங்காதுடி"ன்னு பொண்ணுங்க என்னை ஓட்டுவாங்க. அதைச் சொல்லித்தானே எங்கப்பாகிட்டச் சம்மதமே வாங்கினேன்!

— அது... அதுவும் பொய்தான்.

— எது?

— முதல் மாசம் உன் முகத்தைக்கூட நான் சரியாப் பார்க்கலை. மூச்சு விடத்தான் வந்தேன். நீ நிமிர்ந்து சிரிச்சே. உன்னைப் பார்க்க வந்ததாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். உள்ளதைச் சொன்னா உங்கப்பா பொண்ணு கொடுத்திருப்பாரா?

— அப்பவேவா? கல்யாணத்துக்கும் முன்னாடியேவா? ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை...

— அந்தச் சீட்டைக் கொடு. "இல்லை"ங்கறதை அடிச்சுட்டு, நீயே எழுது. எனக்கு முடியலைம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.