மழை வந்தால் கிளம்பிவிடுவார்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமைப் பொறியாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, ஓடைக்கரைத் தெருக்களிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, வணக்கம்!

வடிகால் பிரிவுப் பொறியாளர், நாமெல்லாம் 'மழை சார்' என்று கூப்பிட்ட மனிதர், என் அண்ணன், போய்விட்டார். இத்தனை வருஷம் அவருக்குப் பக்கத்து மேசை எனக்கு. இன்று காலைகூட இரண்டு டீ சொல்லிவிட்டேன். பாழாய்ப்போன பழக்கம்!

நாங்கள் வெயிலில் இடம் பார்க்கப் போவோம். வெயிலில் எந்த நிலம்தான் நல்ல நிலமாகத் தெரியாது? அவர் மழையில்தான் போவார். ஜன்னலில் நாலு துளி விழுந்தால் போதும், சாப்பாட்டு டப்பாவை மூடிவிடுவார். "சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றால், "தண்ணி எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமாடா?" என்பார்.

மகள் கல்யாணத்தன்றும் மழை. மண்டபத்தில் மனிதரைக் காணோம்! படம் எடுக்கும் நேரத்தில் வந்து நின்றார், முழங்கால் வரை ஊதா நிறத்தில்! மழையோடு மழையாக விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று சாயப்பட்டறைக்காரர்கள் கழிவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஓடைக்குள் இறங்கிக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார்.

"சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி இப்படியா வந்து நிப்பீங்க?" என்று கொதித்தார்கள் அண்ணி.

"என் காலைக் கழுவிக்கலாம். ஓடைய யாரு கழுவுறது?"

சம்பந்திதான் முதலில் சிரித்தார். சுத்திகரிப்புத் தொட்டி கட்டிய பிறகுதான் அந்தப் பட்டறையைத் திறக்க விட்டார் அண்ணன். அந்தப் படம் இன்றும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அண்ணி, மறைக்காதீர்கள், உங்களுக்கும் அந்தப் படம்தானே பிடிக்கும்?

அந்த நாட்கள் திரும்பி வருமா? நனைந்த சட்டையோடு மின்விசிறிக்குக் கீழே நின்று, எங்கள் காகிதங்களையெல்லாம் நனைத்துவிட்டு, தண்ணீர் எங்கெங்கே ஏறியது என்று மேசையில் விரலால் வரைந்து காட்டுவாரே, அந்த மத்தியானங்கள்! எவ்வளவோ திட்டியிருக்கிறேன். இப்போது அதற்குத்தான் ஏங்குகிறேன்.

கடைசியாக அவர் கையெழுத்துப் போட மறுத்தது ஓடையோரத் தாழ்நிலத்துக்கு. ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு அதில் மண்ணைக் கொட்டி மேடாக்கி அடுக்குமாடி கட்ட வேண்டுமாம்! வெள்ளம் வந்தால் அந்தப் பள்ளம்தானே வாங்கிக்கொள்கிறது? மூடிவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்கள் அடுப்படிக்குத்தான் போகும்!

அந்தக் கோப்பு இப்போது என் மேசையில். மேலிடத்திலிருந்து போன் மேல் போன். மேடையில் இருக்கும் ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது, உண்மையைத்தான் சொல்கிறேன். பயமாக இல்லையா என்கிறீர்களா? இருக்கிறது. ஆனாலும் அண்ணன் நின்ற இடத்தில் நான் நிற்பேன். நீங்களும் கூட நிற்க வேண்டும்.

வாசலில் ஆளுயர மலர்வளையம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அனுப்பியது அந்தக் கட்டுமான நிறுவனம். அவர்களுடைய மேலாளரும் வந்திருக்கிறார், அதோ, தூணுக்குப் பக்கத்தில். ஐயா, வந்ததற்கு நன்றி. மலர்வளையத்தை வைத்துக்கொள்கிறோம். மண் லாரியை மட்டும் அனுப்பாதீர்கள்.