எண்பதை இருநூறாக்கினேன்

ஆசையாக ஸ்பீக்கர் செட் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு விஷயத்தில் கோட்டை விடுகிறார்கள். எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ள ஒலி பெரிய பேஸ் பெட்டிக்குப் போக வேண்டும், எதற்கு மேலே உள்ளது சின்ன ஸ்பீக்கர்களுக்குப் போக வேண்டும் என்று ஓர் எல்லை வைக்க வேண்டும். கிராஸ்ஓவர் என்பார்கள். எண்பது ஹெர்ட்ஸில் வைத்தால் அநேக வீடுகளுக்குச் சரியாக வரும்.

இதை எனக்குச் சொன்னவன் என் தம்பி. சொன்ன விதம்தான் சரியில்லை. செட் வந்த அன்று சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. "அண்ணா, உனக்கெல்லாம் எதுக்கு இது? எண்பதுக்கும் இருநூறுக்கும் வித்தியாசம் தெரியாத காதுக்கு ஒரு டப்பா ரேடியோ போதாதா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவியும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டவர்கள் நாங்கள். அவன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். மேசை அந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. பகலில் எங்கள் மனைவிகள் இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேஸ் பெட்டியைச் சுவரோடு சுவராக நகர்த்தினேன். சின்ன ஸ்பீக்கர்களை அடக்கிவிட்டு, எல்லையை இருநூறுக்கு ஏற்றி, ஓர் ஆண் செய்தி வாசிப்பதைத் தினமும் ஓடவிட்டேன். எண்பதில் வெறும் அதிர்வுதான் சுவர் தாண்டும். இருநூறில் குரலின் அடிப்பாகமும் தாண்டும். யாரோ பேசுவது கேட்கும், ஒரு வார்த்தை புரியாது.

கொஞ்ச நாளில் வந்து கதவைத் தட்டினான். "அண்ணா, யாரோ என்னைப் பத்தியே முணுமுணுக்கற மாதிரி இருக்கு. உன் செட்டா?"

ரிமோட்டில் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டுத்தான் திறந்திருந்தேன். "உள்ள வந்து நீயே கேளு. காது உனக்குத்தானே இருக்கு?"

உட்கார்ந்து கேட்டான். பாட்டு சுத்தமாக வந்தது. முகம் செத்துப்போய்த் திரும்பினான்.

"மாமா, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அவன் மனைவி என்னிடம் வந்து அழுதாள். நல்ல டாக்டராக நான்தான் விசாரித்துக் கொடுத்தேன். மாத்திரையில் அவனுக்கு நாக்குக் குழறியது, வேலை போனது. கடைசியில் மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கூடவே போய் அவனைச் சமாதானப்படுத்திப் படுக்க வைத்ததும் நான்தான்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த செட்டால் உபயோகமில்லை. விற்றுவிட்டேன். நேற்று பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கயும் பேசறாங்க அண்ணா" என்றான்.

அங்கே என் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். கோளாறு ஆரம்பத்திலிருந்தே அவன் தலையில்தான் இருந்திருக்கிறது.