ரெண்டு டிஸ்க்கிலும் இல்லாத கல்யாணம்

ஹட்டனிலிருந்து வட்டவளை போகும் பஸ். முன் சீட்டில் கேமரா பையோடு ஒருவன், பக்கத்தில் அவன் நண்பன்.

"மச்சான், எங்க கல்யாணத்த நானே அழிச்சிட்டேன்," என்றான் கேமராக்காரன்.

அவர்களுக்குப் பின்னால் இருந்த நான் இயர்போனைக் கழற்றினேன்.

"ஒரு டிஸ்க் செத்தாலும் மத்தது காப்பாத்தும்னு கம்ப்யூட்டர்ல ரெண்டு பூட்டினியே?"

"ரெண்டும் உசுரோடதான் இருக்கு. நான் ஒண்ணுல கல்யாண ஃபோட்டோவ தவறுதலா அழிச்சேன், மத்ததும் உடனே அழிச்சிருச்சு. ஒண்ணுல செய்யிறத மத்ததும் அப்புடியே செய்யணும்னுதானே செட் பண்ணேன்."

"வேற காப்பி?"

"பென் டிரைவ்ல ஒண்ணு போடச் சொன்னா எம் பொண்டாட்டி. நாந்தான் கம்ப்யூட்டர் படிச்ச திமிர்ல, எதுக்குன்னேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. மாமியார் போன்ல கொஞ்சம் படம் இருக்கு, வாங்கத்தான் போறேன்."

"அப்ப தப்பிச்சிட்ட."

"எங்க. மாமியார் எடுத்த எல்லாத்துலயும் எனக்குத் தலை இல்ல, கழுத்து வரைக்கும்தான் இருக்கேன். மாலைய வச்சு நாந்தான்னு கண்டுபிடிச்சிக்குவா."