அக்கரையில அடிச்ச கூடாரம்

ஓம், அந்தக் கதிரையிலேயே இருங்கோ அண்ணை. இஞ்சத்தச் சேகரிப்புக்குப் பொறுப்பான மெலனி வந்து கையெழுத்து வைக்காமல் உங்கட படங்களை வெளியில கொண்டுபோக விடமாட்டினம். அவ ஒரு டெர்மினுக்கு, ஆரையோ சந்திக்கப் போட்டா, வர அரை மணித்தியாலம் செல்லும். பன்ரண்டு படத்தையும் நான்தான் கழட்டிச் சுத்திக் கட்டினனான், ஒண்டும் கீறுப்படேல்லை. வடிவான படங்கள். அந்த நாரை ரெண்டும் பனிக்குள்ள கழுத்தை நீட்டிக்கொண்டு நிக்கிற படம் இருக்கெல்லோ, அதுக்கு முன்னால சனம் நிண்டு நிண்டு பாத்தது.

உந்தச் சுவர்ப் படத்தில நிக்கிற உவரையோ கேக்கிறீங்கள்? உவர்தான் இந்த மியூசியத்துக்கே பெரியவர். பறவைப் படம் எடுக்கிற ஆள், உவரைத் தெரியாதெண்டுறீங்கள். ஆல்வின் கிறேசல். கீழ எழுதிக் கிடக்கு பாருங்கோ: சிப்பாயாகப் போனார், இயற்கையின் நண்பனாகத் திரும்பினார். நான் இஞ்ச காவல் வேலைக்கு வந்து பதினேழு வருஷம். ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் அவரும் நானும் ஆளையாள் பாத்துக்கொண்டு நிக்கிறம். என்ர மனுசனோட கூட நான் இவ்வளவு நேரம் இருந்திருக்க மாட்டன்.

சொல்லுறன். நேரம் கிடக்குத்தானே.

ஆள் இஞ்ச ஜெர்மனியில, இந்தச் சாக்சன் பக்கத்து ஆள்தான். தகப்பன் மருந்துக்கடை வைச்சிருந்தவர். கடைக்குப் பின்னால இருந்து செத்த குருவியளை உரிச்சு, பஞ்சடைச்சு வைக்கிறது அந்த மனுசனுக்குப் பொழுதுபோக்கு. மகனுக்கும் அது கைவந்திட்டுது. ஆனா மருந்துக்கடையில நிக்க விருப்பமில்லை, பத்தொன்பது வயசில பட்டாளத்துக்குப் போட்டார். இருபத்தாறு வயசில கப்பலேத்தி ஆபிரிக்காவுக்கு அனுப்பினவங்கள். அப்ப கிழக்கு ஆபிரிக்காவில ஒரு பெரிய பக்கம் ஜெர்மன்காரர்தானே பிடிச்சு வைச்சிருந்தவை. அங்கத்தச் சனத்தை அடிச்சுப் பருத்தி போட விட்டவங்கள். சனம் பொறுத்துப் பொறுத்துப் பாத்திட்டு எழும்பீட்டுது. அதை அடக்கத்தான் இவரை விட்டது.

எப்பிடி அடக்கினது எண்டு கேக்கிறீங்களோ? துவக்கால கொஞ்சம், நெருப்பால கனக்க. வீட்டைக் கொளுத்துறது, தானியக் குடிலைக் கொளுத்துறது, நிக்கிற பயிரைக் கொளுத்துறது. பேந்து சண்டை பிடிக்கத் தேவையில்லை, பசி வந்து மிச்சத்தைப் பாத்துக்கொள்ளும்.

இதெல்லாம் அந்தப் பலகையில இல்லை. அவற்ற டயறியில இருக்கு. பதினாலு கொப்பி, கீழ டெப்போவில, பழஞ்சாமான் அறையில கிடந்தது. பழைய காலத்து எழுத்து, இப்பத்த ஜெர்மன்காரருக்கே வாசிக்க ஏலாது. மெலனி அதைப் படிச்ச பிள்ளை, மூண்டு வருஷமா இருந்து ரைப் அடிச்சவ. மத்தியானம் சாப்பிடேக்க எனக்கு வாசிச்சுக் காட்டுவா. நான் எழும்பிப் போகாமல் கேக்கிறன் எண்டு அவவுக்குச் சந்தோசம். மற்ற ஆக்கள் எழும்பிப் போயிடுவினமாம்.

ஒரு நாள் பக்கம் எனக்குப் பாடம். ஆயிரத்துத் தொளாயிரத்து ஆறு, மாசி பதினொண்டு. காலமை ஆத்தங்கரை ஊர் கொளுத்தியாச்சு. மூண்டு பேரைத் தூக்கில போட்டது. ஆத்து வளைவில, பெரிய புளியமரத்துக்கு மேற்கால, கறையான் புத்தோட ஒட்டித் தாட்டுப் புதைச்சது. அவ்வளவுதான் அண்ணை, மூண்டு வரி. அதுக்குக் கீழ ஒரு குருவி. அதே புளியில நிண்டதாம். மஞ்சள் தொண்டையாம், செட்டைக்குக் கீழ சாம்பலாம், பெட்டையாம், வயித்துக்குள்ள சின்ன வண்டுகளாம். பதினெட்டு வரி. நான் எண்ணினனான்.

மெலனி சொன்னா, இடத்தை அவ்வளவு வடிவா எழுதினது ஆக்களுக்காக இல்லையாம். குருவியைச் சுட்ட இடத்தைச் சரியாக் குறிக்கோணும், அது அவற்ற பழக்கமாம். அதுக்குள்ள இந்த மூண்டு பேரும் தற்செயலா வந்து விழுந்திட்டினம்.

பேந்து காலில வெடி பட்டு, காய்ச்சலும் பிடிச்சு, பட்டாளத்தை விட்டிட்டார். ஊருக்குத் திரும்பேல்லை. இஞ்சத்தப் பேராசிரியர்மாருக்கு அவர் அனுப்பின குருவித்தோல் நல்லாப் பிடிச்சுப்போச்சு, இன்னும் அனுப்பு எண்டு கடிதம் போட்டவை. அதுக்குப் பிறகு ஏழு வருஷம் நடை. ஏரிக்கு ஏரி, மலைக்கு மலை. வெள்ளைக்காரர் ஒருத்தரும் கடக்காத சதுப்பு எண்டு ஒண்டைக் கடந்து வரைபடம் கீறினவர். அங்கத்தச் சனம் கிழமைக்கு ரெண்டு தரம் கடந்து சந்தைக்குப் போய்வாற சதுப்பு அது, டயறியிலயே எழுதியிருக்கு. ஒரு தேன்சிட்டுக்கும் ஒரு தவளைக்கும் அவற்ற பேர்.

1908ல சாலிமு எண்டு ஒரு ஆள் வந்து வேலை கேட்டவன். இருபத்திரண்டு வயசிருக்குமாம். குருவி உரிக்கப் பழக்கினால் ரெண்டு மாசத்தில இவரை விட வடிவா உரிக்கிறான். இஞ்ச இருக்கிற ரெண்டாயிரம் குருவியில அரைவாசிக்கு மேல அவன் தைச்சது. மெலனி குருவியின்ர வயித்தைத் திருப்பிப் பாத்துச் சொல்லுவா, இது கிறேசல், இது சாலிமு எண்டு. கிறேசல் அவசரத்தில தைப்பார், நூல் இழுபடும். சாலிமுவின்ர தையல் இருக்கிற இடமே தெரியாது. ஆனா குருவிக் காலில கட்டின எல்லாத் துண்டிலயும் ஒரே பேர்தான், கிறேசல்.

அவன் இல்லாட்டி இவர் அங்கேயே செத்திருப்பார். ஒருக்காக் காய்ச்சல் முத்தி, மூத்திரம் கறுப்பாப் போய், நினைவில்லாமல் கிடந்தவர். சாலிமுவும் இன்னும் மூண்டு பேரும் துணித் தொட்டிலில போட்டு, பதினொரு நாள் தோளில காவிக்கொண்டு வந்து மிஷன் ஆசுப்பத்திரியில சேத்தவை. எழும்பின உடன இவர் எழுதினது என்ன தெரியுமோ? தோல் எல்லாம் நனையாமல் வந்து சேந்திட்டுது, சாலிமு கெட்டிக்காரன்.

சிரிக்கிறீங்கள். நானும் முதல் தரம் சிரிச்சனான்.

1914 சித்திரையில லீவில ஊருக்கு வர வெளிக்கிட்டவர். துறைமுகத்துக்கு வாற வழி அந்த ஆத்தங்கரையாலதான். பொழுதுபட்டிட்டுது, தங்கவேணும். அதே வளைவில நல்ல மேடு கிடக்கு, நிழல் கிடக்கு. சாலிமு கூடாரத்தை இறக்கீட்டான். இவர் விடேல்லை. அக்கரையில அடி எண்டவர். சாமான் எல்லாத்தையும் தலையில வைச்சு, இடுப்பளவு தண்ணிக்குள்ளால இறங்கி, அக்கரையில போய் அடிச்சவங்கள். ஏனெண்டு டயறியில எழுதேல்லை.

கப்பல் ஏற முதல் சாலிமு வந்து முன்னால நிண்டவன். ஆறு வருஷத்தில அவன் ஒண்டும் கேட்டதில்லையாம், சம்பளம் கூட்டித் தா எண்டு கூட. அண்டைக்குக் கேட்டான். ஐயா, எட்டு வருஷத்துக்கு முந்தி மாசியில எங்கட ஊரைக் கொளுத்தினது உங்கட ஆக்கள். தூக்கில போட்ட மூண்டு பேரில ஒராள் என்ர அப்பா. எங்க தாட்டது எண்டு மட்டும் சொல்லுங்கோ.

யோசிச்சுப் பாருங்கோ அண்ணை. அவனுக்கு முதல் நாளே தெரியும் இது ஆர் எண்டு. தெரிஞ்சுகொண்டுதான் வேலைக்கு வந்தவன். அவற்ற சாப்பாட்டைச் சமைச்சு, உடுப்புத் தோய்ச்சு, நுளம்பு வலை கட்டி, மூத்திரம் அள்ளி, ஆறு வருஷம். எல்லாம் இந்த ஒரு கேள்விக்கு. குருவிக்குஞ்சை உள்ளங்கையில வைச்சுச் சூடு குடுக்கிற மனுசன்தானே, ஒரு நாளைக்கு மனம் இளகும், அண்டைக்குக் கேப்பம் எண்டு காத்துக்கொண்டு இருந்தவன்.

இவர் என்ன சொன்னவர்? கன ஊர், கன நாள், எனக்கு ஞாபகம் இல்லை.

டயறியில அப்பிடியே எழுதியிருக்கு. சாலிமு தகப்பனைப் பற்றிக் கேட்டான். ஞாபகம் இல்லை எண்டு சொன்னன். என்ர ரெண்டாவது நல்ல கத்தியைக் குடுத்தன். கப்பல் வெளிக்கிட்டபோது கண் கலங்கிச்சு, இப்பிடி விரல்கள் இனிக் கிடைக்காது.

அந்தக் கொப்பியும் மாசிக் கொப்பியும் ஒரே பெட்டியிலதான் கிடந்தது. திறந்து பாத்தால் ஒரு நிமிசம்.

பேந்து யுத்தம் வந்திட்டுது, அங்க திரும்பிப் போகேல்லை. இஞ்ச ஒரு வீடு, தோட்டம், மரத்துக்கு மரம் குருவிப் பெட்டி. துவக்கைத் தொடுறதில்லை. பெண்டுகள் தொப்பியில இறகு குத்தக்கூடாதெண்டு பேப்பருக்குக் கோவமாக் கடிதம் எழுதினவர், உயிரின் அருமை தெரியாத சனமாம். ஞாயிற்றுக்கிழமையில பள்ளிக்கூடப் பிள்ளையள் வருவினம், ஆள் நிலத்தில இருந்து குருவிக்கதை சொல்லுவார். எழுபத்திநாலு வயசில கட்டிலில படுத்தபடி நித்திரையில போனவர். ஒரு தெருவுக்குப் பேர் வைச்சிருக்கினம்.

இல்லை அண்ணை, அவர் நடிச்சவர் எண்டு நான் சொல்லேல்லை. உண்மையாவே நல்லாத்தான் இருந்திருப்பார். குருவியில உண்மையாவே அன்புதான். அதுதான் எனக்குப் பொறுக்காதது.

போன வருஷம் சாலிமுவின்ர பேரன்ர மகள் ஒருத்தி வந்தவ. அங்க பள்ளிக்கூட ரீச்சர். மெலனி எங்கெல்லாமோ எழுதி, கேட்டுக் கண்டுபிடிச்சுக் கூப்பிட்டது. மியூசியத்துப் பெரிய ஆக்கள் பேச்சுப் பேசிச்சினம், கோப்பி குடுத்திச்சினம், சாலிமு தைச்ச குருவியளைக் காட்டிச்சினம். அவ குருவியைப் பாக்கேல்லை. அந்த மாசிப் பக்கத்தின்ர பிரதியை வாங்கி, நாலா மடிச்சுச் சட்டைக்குள்ள வைச்சா. கறையான் புத்து இவ்வளவு காலம் நிக்குமே எண்டு நான் கேட்டன். புத்தும் இல்லை, புளியும் இல்லை, ஆறு இன்னும் அதே இடத்திலதான் வளையுது, எங்களுக்கு அது போதும் எண்டு சொன்னா.

ஏன் எழும்பிறீங்கள்? இருங்கோ. மெலனி இன்னும் வரேல்லை. வேர்க்குது உங்களுக்கு. கோட்டைக் கழட்டுங்கோவன்.

உங்கட படத்தையும் விபரத்தையும் வாசல் சுவரில ஒட்டினதும் நான்தான் அண்ணை. கனகலிங்கம் எண்ட பேரைப் பாத்து எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நாங்கள் அப்ப ஊரில அறிஞ்சது வின்சன் எண்டுதானே. முகத்தை நேராப் பிடிச்சு ஒட்டேக்கதான், அந்த இடது புருவத்து வெட்டு. ஏணியால இறங்கி, விபரத்தை இன்னொருக்கா வாசிச்சனான். அதுக்குப் பிறகு மூண்டு மாசமா ஒவ்வொரு நாளும் உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டனான், நீங்கள் படங்களைத் திருப்பிக் கொண்டுபோக எப்பிடியும் வருவியள் எண்டு.

நான் தவநேசன்ர தங்கச்சி. கதவு திறந்து விட்டது நான். எனக்கு அப்ப பதினைஞ்சு வயசு, எண்பத்தாறு வைகாசி. அண்ணா சாப்பிட்டுக்கொண்டு இருந்தவர், கை கழுவ விட்டனீங்கள். சின்ன விசாரணை, பின்னேரம் அனுப்பிறம் எண்டு அம்மாவுக்குச் சொன்னதும் நீங்கள்தான். அண்ணா பேந்து வரேல்லை. நீங்கள் எந்த இயக்கம், அவர் எந்த இயக்கம், ஆர் சரி, ஆர் பிழை, அது ஒண்டும் நான் கேக்கேல்லை. பொலிசுக்குப் போகேல்லை, மெலனிக்கும் சொல்லேல்லை. உங்கட படங்கள் இன்னும் பத்து மியூசியத்தில தொங்கட்டும்.

ஞாபகம் இல்லை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.

இந்தாங்கோ பேனை. வாயால சொல்ல ஏலாட்டி அண்ணாவைத் தாட்ட இடத்தை இந்தத் தாளில கீறித் தாங்கோ. கிணறோ, மதிலோ, பனையோ, பக்கத்தில என்ன நிண்டதோ அதைப் போடுங்கோ. மிச்சத்தை நான் போய்த் தேடுறன்.