மூணு மிதி

வேணாங்க தம்பி, அம்மாவ எறக்காதீங்க. ஆட்டோவுலயே ஒக்காந்திருக்கட்டும். நீங்க மட்டும் உள்ள வாங்க. செருப்பு கெடக்குது போங்க, அப்பிடியே வாங்க.

மொரப்பூர்ல இருந்தா வர்றீங்க? அடடா, இவ்ளோ தூரம் வந்துட்டீங்களே. ஆமாங்க, மிதி மாதுன்னா நான்தான். தலைக்கு முன்னால காலு வந்து பொறந்தவன். அப்பிடிப் பொறந்தவன் எடது கால்ல மூணு மிதி மிதிச்சா முதுகுப் புடிப்பு ஓடிரும்னு நம்ம பக்கம் ஒரு நம்பிக்க. நாப்பது வருசமா மிதிச்சேன். தொப்பூர்ல லாரிய ஓரங்கட்டீட்டு டிரைவருங்க தேடி வருவாங்க. அந்தா, அந்த வாசப்படிகிட்டதான் கெழக்க தல வெச்சுக் குப்புறப் படுப்பாங்க. வெத்தல பாக்கு கூட வாங்குனதில்ல, வாங்குனா பலிக்காதும்பாங்க. எந்திரிச்சு ஒடம்ப முறுக்கிப் பாத்து, அட போயிருச்சுய்யான்னு சிரிப்பாங்க பாருங்க, அதுக்கே ஒரு வாரம் மெதப்பா திரிவேன்.

இப்ப மிதிக்கறதில்லீங்க. ஆறு மாசமாச்சு. கோவிச்சுக்காதீங்க. உங்கம்மாவுக்கு என்ன வயசு? அறுவத்தொண்ணா. முன்னைக்கு இப்ப உசரம் கொறஞ்சிருக்காங்களா? முதுகு லேசா வளைஞ்சிருக்குதா? பாத்தீங்களா, நீங்க கவனிக்கல. நானுங் கவனிக்கலைங்க. அலமாரி மேல்தட்டுல இருக்கற டப்பாவ எட்டி எடுக்கறவ ஸ்டூலு கேட்டா. என்னாடி, குட்டையாயிட்டியான்னு கிண்டல் பண்ணேன். அவளும் சிரிச்சா.

யாரா? எங்க வூட்டுக்காரிங்க, ராணியம்மா. உள்ரூம்ல படுத்திருக்கா. முதுகெலும்பு ரெண்டு எடத்துல நொறுங்கிப்போச்சு. இடுப்பச் சுத்தி பெல்ட்டு போட்டிருக்கு. கக்கூஸ் போவணும்னாலும் நான்தான் புடிச்சுக் கூட்டிட்டுப் போவணும். தானா நடப்பாளான்னு கேட்டா டாக்டரம்மா பாக்கலாங்கறாங்க. பாக்கலாம், பாக்கலாம். எத்தன மாசத்துக்குப் பாக்கறது?

ஏ ராணி, ஒண்ணுமில்ல, மொரப்பூர்க்காரங்க வந்திருக்காங்க. பேசிக்கிட்டிருக்கோம். நீ திரும்பாத, நான் வந்து திருப்பறேன்.

மாடு தள்ளிவுட்டதா? டீக்கடையில சொன்னாங்களா? ஆமாங்க, ஊரே அப்பிடித்தான் பேசிக்குது.

டாக்டரம்மா ஒரு ஸ்கேன் எடுத்தாங்க, எலும்பு எவ்ளோ கெட்டியா இருக்குதுன்னு பாக்கறதாம். பாத்துட்டு, ஐயா, டீயில நனைக்கற ரஸ்க் இருக்குதில்ல, ஒடைச்சா உள்ள ஓட்ட ஓட்டயா, இந்தம்மா எலும்பு அப்பிடி ஆயிருக்குதுன்னாங்க. மாசாமாசம் வர்ற தூரம் நின்னப்பறம் பொம்பளைங்களுக்கு எலும்பு வேகமாக் கரையுமாம். கரையறப்ப வலியே தெரியாதாம். அதுதாங்க அநியாயம். அப்பவே வலிச்சிருந்தா ஓடிப்போயிக் காட்டியிருப்போமில்ல?

போன வருசம் கொழாயடியில லேசா வழுக்கிக் கைய ஊனுனா, மணிக்கட்டு ஒடஞ்சுபோச்சு. கட்டுப் போட்டு ஆறுனதும் வுட்டுட்டோம். இத்துனூண்டு வுழுந்ததுக்கு ஏன் எலும்பு ஒடையணும்னு யோசிக்கத் துப்பில்லையே எனக்கு!

சாப்பாட்டுக்கு என்னாங்க கொற. ரெண்டு மாடு கறந்துச்சு. பால் பூரா சொசைட்டிக்கு ஊத்தீட்டு இவ வரக்காப்பி குடிப்பா. கை நோவுதுன்னு களி கிண்டறத வுட்டுட்டு மூணு வேளையும் ரேசன் அரிசிச் சோறு. இப்ப நானே ராகிக் கூழு காச்சறேன், முருங்கக்கீர வதக்கறேன், பாலு ஆத்திக் குடுக்கறேன். சுண்ணாம்புச்சத்து மாத்தர, ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி. காலையில கட்டில வெயிலுக்கு இழுத்துப் போடறேன். இனிமே கரையறது கொறையுமாம். நொறுங்குனது நொறுங்குனதுதானே தம்பி. நான் என்னாத்த பண்ணட்டும், சொல்லுங்க?

ஐயோ, ஒரே ஒரு மிதி, மெதுவான்னு கேக்காதீங்க. கும்புட்டுக் கேட்டுக்கறேன். உங்கம்மா எலும்பு உள்ள எப்பிடி இருக்குதுன்னு உங்களுக்குந் தெரியாது, எனக்குந் தெரியாது. நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எலும்பு ஸ்கேன் எடுக்கணும்னு நீங்களே வாய வுட்டுக் கேளுங்க. ஆட்டோவ மெதுவா ஓட்டச் சொல்லுங்க, வேகத்தடையில தூக்கிப் போட்டுறப் போவுது.

மாடு தள்ளுனதுக்கு நான் எதுக்கு மிதிக்கறத நிறுத்தோணும்னா கேக்கறீங்க? கொஞ்சம் இப்பிடி வெளிய வாங்க. அவ காதுல வுழுவும்.

கட்டுனவ மேல கால வெக்கறதான்னு முப்பத்தாறு வருசத்துல ஒரு நாளும் அவள மிதிச்சதில்லீங்க. அன்னைக்கி முதுகு வலி தாங்காம அவளாத்தான் வந்து வாசப்படிகிட்ட குப்புறப் படுத்தா. ஊருக்கெல்லாம் மிதிக்கறீங்க, நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்னு கேட்டா. மெதுவாத்தாங்க மிதிச்சேன். ரெண்டாவது மிதியில சத்தங் கேட்டுச்சு.

டாக்டரம்மா எப்பிடி ஆச்சுன்னு கேக்கறப்ப, நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவ முந்திக்கிட்டா. மாடு தள்ளிருச்சுங்கன்னுட்டா. ஓசூர்ல இருக்கற எங்க பொண்ணு எழிலரசிக்கும் அதான் தெரியும். முட்டற மாட்ட இன்னும் ஏம்ப்பா வூட்ல வெச்சிருக்கீங்க, மொதல்ல வித்துத் தொலைங்கன்னு ஃபோன்ல அழுதுச்சு. நல்ல சாதுவான மாடுங்க அது. வித்துட்டேன்.